11 கிலோ கருவிகளும் ஒரு ரப்பர் வளையமும்

ஊராட்சி ஒன்றியத்தில் கைப்பம்புப் பராமரிப்புப் பிரிவில் 27 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எனக்கு, கிழக்கு ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டுக் கிராமங்களில் ஒரு திருச்சபை நடத்தும் தண்ணீர்ப் பணிக்கு மூன்று மாதம் தன்னார்வலராகப் போக இயலுமா என்று எங்கள் ஆயர் கேட்டபோது, யோசிப்பதற்குக்கூட நேரம் கேட்காமல் சம்மதித்துவிட்டேன். அங்கே எனக்கு ஊதியம் கிடையாது. தங்குமிடமும் உணவும் சபையின் பொறுப்பு, விமானக் கட்டணம் என் பொறுப்பு.

ஆயரின் பரிந்துரைக் கடிதம், மருத்துவச் சான்று, பாஸ்போர்ட் அலுவலகம் வழியாகப் பெறும் காவல் துறைச் சான்று ஆகியவை சிரமமின்றிக் கிடைத்தன. அடிஸ் அபாபா வழியாகப் பயணம் என்பதால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியையும் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொண்டேன். ஊசி போட்டு 10 நாள் கழிந்த பிறகே அந்தச் சான்று செல்லும் என்பதைப் புறப்படுகிறவர்கள் கணக்கில் வைத்துக்கொள்வது நல்லது. மலேரியாவுக்கான டாக்சிசைக்ளின் மாத்திரையை அங்கிருக்கும் நாளெல்லாம் விழுங்கியதோடு, திரும்பிய பின்னும் நான்கு வாரம் தொடர வேண்டியிருந்தது. என்னை அலைக்கழித்தது என் பெயரின் முன்னெழுத்துதான். பாஸ்போர்ட்டில் தந்தையின் பெயர் விரித்து எழுதப்பட்டிருக்க, அழைப்புக் கடிதத்தில் ஒற்றை எழுத்து மட்டும் இருந்தது. இதை விசா முகவர் ஒரு மாதம் கழித்தே வாய் திறந்து சொன்னார்.

மலாவியின் தலைநகர் லிலோங்வேயில் இறங்கி, தெற்கே ஏறத்தாழ 85 கிலோமீட்டர் தொலைவிலுள்ள டெட்சாவுக்குச் சென்று, அங்கிருந்து சேற்றுப் பாதையில் உள்ளே போனோம். அது ஜனவரி. முந்தைய ஆண்டின் மக்காச்சோளம் தீர்ந்து, புதிய சோளம் வயலில் இன்னும் முற்றாமல் நிற்கும் பஞ்ச மாதங்களில் ஒன்று. என் பெட்டியில் 11 கிலோ எடைக்குப் பம்புக் கருவிகள் இருந்தன. நம் ஊர்த் தெருக்களில் நிற்கும் இந்தியா மார்க் 2 பம்பு, மகாராஷ்டிரத்தின் ஜால்னாவில் மிஷன் பணியாளர்கள் செய்த பம்பின் வழியில் வளர்ந்து, 1970களில் கோயம்புத்தூர் வட்டாரத்தில் சோதித்துப் பார்க்கப்பட்டது. அதன் உள்ளுறுப்பைப் பழுதுபார்க்க வேண்டுமானால் இரும்புக் குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மேலே தூக்க வேண்டும். என் கருவிகளெல்லாம் அந்த வேலைக்கானவை.

அங்கே நின்றதோ ஆஃப்ரிடெவ். அதே கிழக்கு ஆப்பிரிக்காவில், ஊர் மக்களே பழுதுபார்த்துக்கொள்ளும்படி 1980களில் உருவாக்கப்பட்ட பம்பு அது. முதல் ஊரில் தண்ணீர்க் குழுவின் நான்கு பெண்கள் எனக்காகக் காத்திருந்தார்கள். அவர்களில் மூத்தவர், இடுப்பில் சுற்றிய சிட்டென்ஜே துணியை இறுக்கிக்கொண்டு, ஒரே ஒரு ஸ்பேனரால் மூடியைத் திறந்தார். மற்றவர்கள் கம்பிகளைக் கொக்கி கொக்கியாகக் கழற்றி மேலே இழுத்தார்கள். நிலத்தடிக் குழாய் இருந்த இடத்தில் அப்படியே இருக்க, அரை மணி நேரத்தில் பிஸ்டன் வெளியே வந்துவிட்டது. அதிலிருந்து உரித்தெடுத்த ரப்பர் வளையத்தை அவர் என் உள்ளங்கையில் வைத்தார். யு சீல் என்பார்கள். பிஸ்டனைச் சுற்றித் தண்ணீர் கசியாமல் அடைக்கும், நம் ஊர் பக்கெட் வாஷரின் வேலையைத்தான் செய்கிறது. விளிம்பு தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தது. மாற்ற வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது அவருக்கும் தெரிந்திருந்தது. மாற்றுவதற்குப் புதியது இல்லை என்பதே சிக்கல்.

ஒரு பம்புக்கு 250 பேர் என்பது அந்நாட்டு அளவு. வீட்டுக்கு வீடு மாதந்தோறும் கொடுக்கும் சிறு தொகையில்தான் உதிரிப்பாகம் வாங்குகிறார்கள். சோளம் தீர்ந்த மாதத்தில் அந்தத் தொகையும் நின்றுவிடுகிறது. பயிற்சி கொடுக்க வந்த நான், எனக்கு இங்கே என்ன வேலை என்று போதகரிடம் கேட்டேன். அவரை எல்லோரும் ‘அபுசா’ என்றே அழைக்கிறார்கள். பட்டணத்துக்குப் போய் உதிரிப்பாகம் வாங்கி வாருங்கள், எந்தப் பம்பில் எது எப்போது மாற்றப்பட்டது என்று நோட்டில் எழுதுங்கள் என்றார். மூன்று மாதமும் அதைத்தான் செய்தேன். கபாசா என்னும் வாடகை சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து மழையில் போய் வருவது, என் வயதுக்கு, லேசான ஊழியமல்ல.

சீல்களை என் பணத்தில் வாங்கியபோது, இனாமாக வேண்டாம், அறுவடைக்குப் பின் திருப்பித் தருகிறோம் என்று குழுவினர் கடனாக எழுதிக்கொண்டார்கள். திருநெல்வேலிப் பக்கம் எங்கள் வீடுகளில், உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைக் காணிக்கைக்கென்று தனியே எடுத்து வைப்பார்கள். அதுபோல இங்கேயும் பம்புக்கு எடுத்து வைக்கலாமே என்று ஒருநாள் உற்சாகமாகச் சொன்னேன். என்சிமா கிண்டிக்கொண்டிருந்த அம்மையார் (நம் களியேதான், மக்காச்சோள மாவில் வெள்ளையாக இருக்கும்) துடுப்பை நிறுத்தி, “உலை வைக்காத நாளில் உங்கள் அம்மா எதை எடுத்து வைப்பார்?” என்று கேட்டார். மொழிபெயர்த்துச் சொன்ன அபுசா என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குப் பதில் வரவில்லை.

கொண்டுபோன கருவிகளைத் திரும்பச் சுமக்க மனமில்லாமல், அவற்றைச் சபையின் கிடங்கிலேயே விட்டு வந்தேன். ஜூன் மாதம் அபுசா வாட்ஸ்அப்பில் அந்தக் கடன் பக்கத்தின் படத்தை அனுப்பினார். பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுதியவர்கள் கடனை என் தந்தையின் பெயரில் பதிந்திருந்தார்கள். அவர் இறந்து 19 ஆண்டுகளாகின்றன. நான்கு சீல்களுக்கான தொகைக்கு எதிரே, அவருடைய பெயர் கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது.