தோல் வாசம்: மூன்றாவது போத்தல்

பதப்படுத்திய தோலின் (லெதர்) வாசம் வீசும் ஒரு சென்டை வீட்டிலேயே கலந்து பார்க்கிறேன். முதல் போத்தல் கருகல் மணத்தோடு போனது. பிர்ச் மரப்பட்டையிலிருந்து வடிக்கும் கறுப்புத் தாரை டிபிஜியில் (வாசனைப் பொருட்களைக் கரைக்கும் திரவம்) 10 சதவீதமாகக் கரைத்து, 10 மில்லிக்குள் 10 துளி விட்டிருந்தேன். மணிக்கட்டில் பூசிக்கொண்டு குசினிப் பக்கம் போனதும் அம்மா அடுப்பைத்தான் திரும்பிப் பார்த்தா.

தோலிலிருந்து வாசனை எண்ணெய் எடுக்க முடியாது. புகை, பிசின், கசப்பு மூன்றையும் சேர்த்துத்தான் அந்த வாசத்தைக் கட்ட வேண்டும். ரஷ்யாவில் தோலைப் பதப்படுத்த பிர்ச் எண்ணெய் பூசினார்கள்; அந்தப் புகை மணமே தோலின் மணமாக நிலைத்துவிட்டது. ஒன்று முக்கியம்: உடம்பில் பூசுவதற்குச் சுத்திகரித்த தார் மட்டுந்தான். பச்சைத் தாரில் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்கள் இருக்கும்.

எனக்கு அளவுகோல் பிரெஞ்சு நிறுவனமான ஹெர்மேஸின் பெல் அமி என்ற சென்ட். 1986இல் ஆண்களுக்கென்று வந்தது. குதிரைச் சேணம் செய்து தொடங்கிய நிறுவனம் அது, தோலைத் தெரிந்தவர்கள். லண்டன் மச்சான் கொண்டுவந்த 2 மில்லியை மிச்சம் பிடித்து வைத்திருக்கிறேன். எலுமிச்சையும் மசாலாவும் முதலில் வந்து போகும். அதன் பிறகு தோல் எழும், ஆனால் கத்தாது. அந்த அடக்கம்தான் எனக்கு வேணும்.

இரண்டாவதில் தாரை 3 துளியாகக் குறைத்தேன். புகை அடங்கியது, கூடவே தோலும் காணாமல் போனது.

மூன்றாவதில் தார் 2 துளிதான். லாப்டனம் என்ற செடிப் பிசின் 12 துளி, ஒரு சதவீதமாகக் கரைத்த ஐசோபியூட்டைல் குயினோலின் 4 துளி, வெட்டிவேர் எண்ணெய் 3, மெதில் அயனோன் 5. குயினோலினும் அயனோனும் செயற்கை வாசனைப் பொருட்கள். குயினோலின் தனியாக முகர்ந்தால் பச்சைக் கசப்பு, மூக்கைச் சுளிக்க வைக்கும். பிசினோடு சேர்ந்ததும் புதுச் சப்பாத்தின் உட்பக்கம் அப்படியே வந்து நிற்கிறது! அயனோன் அதன் மேல் முகப்பவுடர் தூவினது போல ஒரு மென்மை தருகிறது.

இரண்டு கிழமை அலுமாரிக்குள் வைத்து, பின்னேரம் பூசிக்கொண்டு மட்டக்களப்பு கல்லடிப் பாலத்தில் நடந்தேன். வாவிக் காற்றில் நாலு மணித்தியாலம் நின்றது. அடுத்த நாள் மத்தியான வெயிலில் பூசினால் வேறு கதை: வியர்வையோடு தார் முன்னுக்கு வந்துவிடுகிறது. நம்ம ஊருக்கு 2 துளியும் கூடத்தான்.

காத்தான்குடி அத்தர் கடை நானாவிடம் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் முகர்ந்தார்.

“தோல் சரியா இருக்கு தம்பி. ஒரு துளி ரோஸ் விட்டுப் பாருங்களன்.”

நாலாவதில் தார் 1 துளி, ரோஸ் 1 துளி. இன்று இரவு கலக்கிறேன்.