விண்வெளிக் குழுவில் ஒரு மானுடவியல் மாணவி

விண்வெளிக் குழு ஒன்றில் சேர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. சொன்னால் உடனே கேட்கிறார்கள்: "மானுடவியல் படிக்கிற உனக்கு அங்கே என்ன வேலை?"

நிறைய இருக்கிறது. மனிதர்கள் எப்படிச் சேர்ந்து வாழ்கிறார்கள் என்று ஆராய்வதுதானே மானுடவியல்? சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2000 நவம்பரிலிருந்து மனிதர்கள் தொடர்ந்து வாழ்கிறார்கள். பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து உண்டு உறங்கும் இடம், ஊர் இல்லாமல் வேறென்ன? ரஷ்யப் பகுதியின் சுவரில் விண்வெளிக்குப் போன முதல் மனிதரான ககாரின் படமும் கிறிஸ்தவத் திருவுருவங்களும் மாட்டியிருக்கிறார்கள்!

2022இல் ஜஸ்டின் வால்ஷ், ஆலிஸ் கோர்மன் என்ற தொல்லியலாளர்கள் நிலையத்துக்குள் ஆறு இடங்களில் ஒட்டுநாடாவால் சதுரம் குறிக்கச் சொல்லி, அங்கே இருக்கும் பொருட்களை விண்வெளி வீரர்களையே 60 நாள் படமெடுக்க வைத்தார்கள். பராமரிப்புக்கென ஒதுக்கிய இடம் பெரும்பாலும் சாமான் வைக்கத்தான் பயன்பட்டது என்று தெரியவந்தது. எனக்குப் புல்லரித்துவிட்டது. இதெல்லாம் பூமியில் இருந்தபடியே கண்டது. களப்பணி என்றால் கூடவே வாழ வேண்டும், இல்லையா? யார் யாரோடு சாப்பிடுகிறார்கள், மனத்தாங்கல் வந்தால் யார் முதலில் பேசுகிறார்கள் என்பதைப் படத்தில் பார்க்க முடியாது.

நாசாவின் வீரர் தேர்வில் அறிவியல், பொறியியல், கணிதம் சார்ந்த முதுகலைப் பட்டம் கேட்கிறார்கள். மானுடவியல் கணக்கில் வராது. அந்த விதி மாறியே ஆக வேண்டும். சரி, அதுவரை சும்மா இருப்பானேன்? ரஷ்ய மொழி கற்கத் தொடங்கிவிட்டேன்.