ஓ.பி.யில் போதை சிகிச்சை: வீட்டில் கழியும் நேரம்தான் முக்கியம்

"ஓ.பி.யிலேயே பார்க்கலாமா, சேர்த்துவிடலாமா?" குடியை நிறுத்த வருகிறவரின் வீட்டார் முதலில் கேட்பது இதைத்தான். அவருக்கு மன உறுதி இருக்கிறதா என்று பார்த்து முடிவு செய்கிற விஷயம் இல்லை இது. முன்பு நிறுத்தியபோது என்ன ஆனது என்று கேளுங்கள். வலிப்பு வந்ததா? இல்லாத பூச்சி சுவரில் ஊர்வதாகச் சொன்னாரா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் சேர்த்துத்தான் ஆக வேண்டும். கூட இருக்க ஆள் இல்லாதவருக்கும், சாக வேண்டும் என்று பேசுகிறவருக்கும் அதே பதில். மற்றவர்களில் பலர் வீட்டிலிருந்தபடியே நிறுத்திவிட முடியும்.

கடைசியாகக் குடித்த நேரத்தை எழுதி வையுங்கள். ஆறு மணி நேரத்திலேயே கை நடுங்கத் தொடங்கும், வியர்க்கும். வலிப்பு வந்தால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். ஆள் குழம்பி, இடம் தெரியாமல் பிதற்றும் நிலையோ 48 முதல் 96 மணி நேரத்தில்தான் வருகிறது. இரண்டு நாள் தாண்டிவிட்டதே என்று கூட இருந்தவர் வேலைக்குக் கிளம்பும் நேரம் அது. நான்கு நாள் முடியும்வரை தனியே விடாதீர்கள்.

நடுக்கத்துக்குத் தரும் டயசெபாம் போன்ற மாத்திரைகள் நாளுக்கு நாள் குறைந்து ஒரு வாரத்தில் நின்றுவிட வேண்டும். முழு அட்டையையும் அவர் கையில் கொடுக்கக் கூடாது. குடியோடு சேர்த்துப் போட்டால் மூச்சு அடங்கிவிடும். சாப்பிடாமலே குடித்து வந்தவருக்குத் தயமின் (வைட்டமின் பி1) ஊசி அவசியம். அதை விட்டுவிட்டு குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால், மிச்சமிருக்கும் தயமினும் தீர்ந்து மூளை பாதிக்கப்படலாம்.

குடியைத் தவிர்க்க வைக்கத் தரும் டைசல்ஃபிரம் மாத்திரையை அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கிறவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறோம், வேண்டாம். அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் இறங்கும். உயிரே போகலாம். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட அப்படி ஆகலாம். தெரிந்து, சம்மதித்து, கடைசியாகக் குடித்து 12 மணி நேரமாவது கழித்துத் தொடங்குகிறவருக்குத்தான் அது மருந்து.

ஹெராயின் பழக்கத்துக்குப் பியூப்ரினார்பின் நல்ல மருந்து, ஆனால் அவசரப்பட்டால் கெட்டது. கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்செறிதல் எல்லாம் தெளிவாகத் தெரிந்த பிறகே முதல் மாத்திரை. ஹெராயின் உடம்பில் இருக்கும்போதே போட்டால் அதைத் தள்ளிவிட்டு இது இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒரு மணி நேரத்தில் தாங்க முடியாத அவதி. மாத்திரையை நாக்கின் கீழே வைத்து, பேசாமல், முழுதும் கரையும்வரை இருக்க வேண்டும். விழுங்கினால் மருந்தின் பெரும்பகுதியைக் கல்லீரலே அழித்துவிடும். சில வாரம் நன்றாக இருந்துவிட்டு மருந்தை நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து: உடம்பின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும், மறுபடி ஹெராயின் எடுத்தால் பழைய அளவே கொன்றுவிடும். ஹெராயின் அளவு மீறி மூச்சு அடங்கும்போது அதை முறிக்கும் மருந்தான நலாக்சோன் வீட்டில் இருக்கட்டும்.

சிறுநீர்ச் சோதனையை மாட்டிவைக்கும் பொறியாக்காதீர்கள். தினமும் கஞ்சா புகைத்தவருக்கு நிறுத்திச் சில வாரங்கள் கழித்தும் பாசிட்டிவ் வரும். அதை வைத்துப் பொய்யன் என்று சொல்லிவிட்டால் அவர் திரும்பி வரமாட்டார்.

நடுவில் ஒரு நாள் குடித்துவிட்டால் மறுநாளே வரச் சொல்லுங்கள். திட்டாமல் மூன்று கேள்வி: எத்தனை மணிக்கு, யாரோடு, சாப்பிட்டிருந்தாரா? "ஏழு மணிக்கு, தனியாக, வெறும் வயிற்றில்" என்று பதில் வந்தால், அடுத்த சந்திப்பை மாலை ஆறரைக்கு மாற்றுங்கள். வேலையிலிருந்து கிளம்பும் முன் வயிறு நிறையச் சாப்பிடச் சொல்லுங்கள், வீடு சேரும்வரை துணைக்கு ஒருவரை அனுப்புங்கள்.