பாசிட்டிவ் என்றால்

எங்கள் லேபில் ‘பாசிட்டிவ்’ என்பது கெட்ட செய்தி. அந்தச் சொல்லைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிடுகிறவர்களிடம் விஷயத்தைச் சொல்வது பதினாறு வருடமாகியும் எனக்குக் கைவரவில்லை. டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் கவுன்ட்டரில் முதலில் மாட்டுவது நாங்கள்.

சென்னையில் திசுப் பொருத்தம் பார்க்கும் டெக்னீஷியன் நான். சிறுநீரகம் கொடுப்பவரின் ரத்தத்திலிருந்து லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்களைப் பிரித்து, வாங்குபவரின் சீரத்தோடு (அணுக்கள் நீக்கிய ரத்தத்தின் தெளிநீர்) சேர்ப்போம். தட்டில் குழிக்கு ஒரு மைக்ரோலிட்டர். காய்ந்துவிடாமல் மேலே எண்ணெய். பிறகு முயல் சீரம், அதன்பின் சாயம். கொடுப்பவருக்கு எதிரான ஆன்டிபாடி வாங்குபவரிடம் இருந்தால், முயல் சீரத்திலுள்ள காம்ப்ளிமென்ட் என்ற புரதங்கள் அந்தச் செல்களைத் துளைத்துவிடும்; இந்தச் சோதனைதான் கிராஸ்மேட்ச். உயிருள்ள செல் மைக்ராஸ்கோப்பில் மினுங்கும். செத்தது கருஞ்சிவப்பாகக் கிடக்கும். செத்தவை அதிகமானால் பாசிட்டிவ்.

தட்டின் பெயர் தெரசாகி தட்டு. அந்தத் தெரசாகியும் பட்டேலும் என்ற இரு ஆய்வாளர்கள் 1969-இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள்: கிராஸ்மேட்ச் பாசிட்டிவாக இருந்தும் பொருத்திய 30 சிறுநீரகங்களில் 24 உடனே செயலிழந்தன, நெகட்டிவாக இருந்த 195-இல் 8தான். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர், “அந்த 24-ஐ நெனச்சுக்கிட்டு எண்ணு” என்பார்.

எங்களிடம் வரும் தம்பதிகளில் பெரும்பாலும் மனைவிதான் கொடுப்பவர். அபூர்வமாக ஒரு கணவர் கொடுக்க முன்வந்தால் எங்களுக்கே சந்தோஷமாக இருக்கும். அங்கேதான் இடிக்கும். பிள்ளையின் உடலில் பாதி அப்பாவுடையது. கர்ப்பத்தில் பிள்ளையின் செல்கள் தாயின் ரத்தத்தில் கலக்க, அந்தப் பாதியை அந்நியம் என்று அவள் உடல் குறித்துவைத்துக்கொள்ளலாம். கலைந்துபோன கர்ப்பமும் கணக்கில் சேரும். (சொந்தத்தில் கட்டியவர்களிடம் சில நேரம் இந்தத் தொல்லை குறைவு, இருவருக்கும் பொதுவான மரபணுக்கள் இருக்க வாய்ப்புண்டு. அதற்காக அத்தை மகனைக் கட்டச் சொல்லவில்லை.)

அப்படி வந்தவர் ஒரு லாரி டிரைவர். மனைவி இரண்டு வருடமாக டயாலிசிஸில். “குரூப் ஒண்ணுதானேம்மா?” என்று மூன்று முறை கேட்டார். தட்டு முழுக்கச் சிவப்பு. அவ்வளவாகக் கெடுதல் செய்யாத ஐஜிஎம் வகை ஆன்டிபாடியாக இருக்குமோ என்று, அதை உடைக்கும் டிடிடி (DTT) என்ற ரசாயனம் போட்டு மறுபடி பார்த்தேன். மாறவில்லை.

படிவத்தில் ‘குழந்தைகள் 2’ என்றிருந்தது; அவர் எழுதியது. அந்த அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். “நடுவுல ஒண்ணு அஞ்சாம் மாசத்துல போச்சு. அப்ப ரெண்டு பாட்டில் ரத்தம் ஏத்துனாங்க” என்றார். அன்றிலிருந்து பெண்களிடம் அந்தக் கேள்வியைத் தனியாகத்தான் கேட்கிறேன்.

அடுத்த வாரம் மூத்த மகன் வந்தான், இருபத்துநாலு வயது. “நான் குடுக்கிறேன் மேடம், அம்மாவுக்குத்தானே.” அப்பாவிடமிருந்து அவனுக்கு வந்த பாதியைத்தான் அவள் ரத்தம் அடையாளம் வைத்திருந்தது. அதே சிவப்பு.

ரிப்போர்ட் வாங்க அந்த அம்மா தனியாக வந்தார். டாக்டர் காரணத்தை விளக்கியிருந்தார் போல.

“பெரியவன்கிட்ட அத மட்டும் சொல்லிடாதீங்கம்மா. தன்னாலதான்னு நெனச்சுக்குவான்.”

ரிப்போர்ட்டில் காரணம் எழுத இடமில்லை என்றேன். மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.