ஒற்றைப்படை எண்கள் காலி: குடும்ப வரலாறு தேடத் தொடங்கி மூன்று மாதம்

தொடங்கிய அன்று யாரையும் கேட்கவில்லை. ஒரு பெரிய தாளை விரித்து, எனக்கே தெரிந்ததை மட்டும் பென்சிலால் எழுதினேன். எவ்வளவு தெரியும் என்று பார்க்காமல் தேடப் போனால் எதைத் தேடுகிறோம் என்பதே பிடிபடாது.

எழுதுவதற்கு ஓர் எண் முறையைப் பின்பற்றினேன். மிகாயேல் ஐட்சிங்கர் என்பவர் 1590-ல் வெளியிட்ட நூலில் கையாண்ட முறை இது. மிக எளிது. நான் 1. அப்பா 2, அம்மா 3. யாருடைய எண்ணையும் இரண்டால் பெருக்கினால் அவருடைய அப்பா. அதோடு ஒன்றைக் கூட்டினால் அம்மா. அப்பாவின் அப்பா 4, அப்பாவின் அம்மா 5, அம்மாவின் அப்பா 6, அம்மாவின் அம்மா 7. அதற்கு முந்தைய தலைமுறை 8 முதல் 15 வரை. என்னை விட்டுவிட்டால், ஆண்கள் எல்லாம் இரட்டைப்படை, பெண்கள் எல்லாம் ஒற்றைப்படை. தமிழில் தாத்தா என்றால் இரண்டு பேர், பாட்டி என்றால் இரண்டு பேர். கொள்ளுப்பாட்டி என்றால் நான்கு பேர். எண் போட்ட பிறகு அந்தக் குழப்பமே இல்லை.

7 வரை தயங்காமல் எழுதினேன். அடுத்த வரிசையில் 8, 12, 14 ஆகிய மூவரின் பெயர் தெரிந்தது. 9, 10, 11, 13, 15 காலி. பென்சிலை வைத்துவிட்டு வெகுநேரம் அந்த வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொள்ளுத்தாத்தாக்களில் ஒருவர் பெயர்தான் தெரியவில்லை. கொள்ளுப்பாட்டிகளில் ஒருவர் பெயர்கூடத் தெரியவில்லை. அவர்களைப் பற்றிய கதைகள் தெரியும். ஒருவர் நன்றாகப் பாடுவார், ஒருவருக்கு ஒரு கண் பார்வை இல்லை. எல்லாக் கதையிலும் அவர்கள் ‘ஆத்தா’, ‘பெரியம்மா’, ‘அந்தப் பாட்டி’. உறவுச் சொல் பெயரை மூடிவிட்டது. இந்த நான்கு பெயர்களைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை என்று அன்றே முடிவு செய்தேன். இருபது தலைமுறை பின்னே போகும் ஆசை எனக்கு இல்லை.

முதலில் போனது சின்னப் பாட்டியிடம். 7-ம் எண்ணின் தங்கை, அம்மாவுக்குச் சித்தி. கைபேசியில் ஒலிப்பதிவு செய்யலாமா என்று கேட்டுக்கொண்டேன். பேச்சு நடுவே அழைப்பு வராதபடி விமான நிலையில் (ஃபிளைட் மோடு) வைத்தேன். எழுதிக் கொண்டுபோன கேள்விகள் பத்து நிமிடத்தில் தீர்ந்துபோயின. “எந்த வருஷம் பாட்டி?” என்று கேட்டால் “அதெல்லாம் யாருக்கு ஞாபகம்” என்பதுதான் பதில்.

அதன்பிறகு பதினொரு பேர் இருக்கும் பழைய குழுப்படம் ஒன்றை எடுத்து வைத்தேன். பாட்டி ஆளே மாறிவிட்டார். ஒன்பது பேரை அடையாளம் சொன்னார். யார் யாருக்குப் பக்கத்தில் நிற்க மறுத்தார் என்பதுவரை சொன்னார். மடியில் இருக்கும் குழந்தை என் பெரியம்மா. அவர் பிறந்த ஆண்டுக்குச் சான்று இருக்கிறது. அதற்கு முன் எடுத்த படமாக இருக்க முடியாது. ஓரத்தில் நிற்கும் பெரியவர் இறந்த ஆண்டும் தெரியும். ஆக, தேதியே இல்லாத படம் இரண்டு ஆண்டு இடைவெளிக்குள் அடங்கிவிட்டது. இனி வருஷத்தைக் கேட்பதில்லை, “அப்போ உங்களுக்கு யார் தலை பின்னி விடுவாங்க?”, “அப்போ தம்பி நடந்தானா, தவழ்ந்தானா?” என்றுதான் கேட்கிறேன்.

படங்களைப் பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும். பின்பக்கம் பேனாவால் எழுதாதீர்கள். மை ஊறி முகத்துக்கு வந்துவிடும். மென்மையான பென்சில், அதுவும் ஓரத்தில், அழுத்தாமல். செலோடேப் வேண்டவே வேண்டாம், சில ஆண்டுகளில் மஞ்சளாகிப் படத்தையும் கெடுத்துவிடும். நான் 600 டிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கேன் செய்து, மூன்று இடங்களில் பிரதி வைத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து ஒலிப்பதிவைக் கேட்டு எழுதினேன். ஒரு மணி நாற்பது நிமிடம். முடிக்கும்போதுதான் உறைத்தது. அவ்வளவு நேரமும் தன் அம்மாவைப் பற்றித்தான் பேசியிருக்கிறார், ஆனால் பெயரை ஒருமுறைகூடச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அம்மா, அம்மா என்று அவர் சொல்லச் சொல்ல அதுவே எனக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. 15-ம் எண் இன்னமும் காலி.

மறுநாள் காலை கூப்பிட்டேன். “பாட்டி, உங்க அம்மா பேரு என்ன?” சற்று நேரம் சத்தமே இல்லை. “அந்தப் பேரைச் சொல்லி எத்தனை வருஷமாச்சு” என்றார். பிறகு சொன்னார். நான்கெழுத்துப் பெயர். உடனே இன்னொரு முறையும் சொன்னார், நான் கேட்காமலே.

15-ஐ இரண்டால் வகுத்து மீதியை விட்டால் 7; மறுபடி 3; மறுபடி 1. நேரே தாய்வழி. செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் மரபணு அம்மா வழியாக மட்டுமே வருவது. அந்த அம்மாளுடையது இத்தனை காலமும் என் உடம்பில் இருந்திருக்கிறது, பெயர் மட்டும் என்னிடம் இல்லை. (மரபணுப் பரிசோதனை எடுக்கவில்லையா என்று சிலர் கேட்டார்கள். உறவினரைக் காட்டும், பெயரைச் சொல்லாது. இப்போதைக்குத் தேவைப்படவில்லை.)

பெயர் கிடைத்ததும் பழைய பதிவுகளில் தேடினேன். இரண்டு ஆவணங்களில் இருக்கிறார், இரண்டிலும் வேறு வேறு எழுத்துக் கூட்டல். எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார். முதல் ஆவணத்தில் வயது 30, நான்கு ஆண்டு கழித்து எழுதியதில் 40. முதலில் வேறு ஆளோ என்று பயந்தேன். பழைய பதிவுகளில் வயது 0-விலும் 5-லும் முடிவது மிகச் சாதாரணம். சரியான வயது தெரியாதவர்கள் முழு எண்ணாகச் சொல்லிவிடுவார்கள். கணவர் பெயரும் குழந்தைகள் பெயரும் பொருந்தின. அதனால் ஒரே ஆள் என்று வைத்து, பிறந்த ஆண்டுக்கு முன் ‘சுமார்’ சேர்த்திருக்கிறேன்.

இறப்புச் சான்றிதழைக் கையாளும்போதும் இதே கவனம் வேண்டும். இறந்த தேதியை அதில் நம்பலாம், அன்று அருகில் இருந்தவர் சொன்னது. அதே தாளில் உள்ள பிறந்த தேதியைச் சொன்னவர் பிறப்பைப் பார்த்தவர் அல்ல. ஒரே தாள், இரண்டு தரம். இப்போது ஒவ்வொரு தகவலுக்குப் பக்கத்திலும் ‘யார் சொன்னது, எப்போது’ என்று ஒரு வரி எழுதுகிறேன்.

அந்தப் பழக்கம் ஒரு தவற்றால் வந்தது. 12-ம் எண்ணை இணையத்தில் தேடியபோது, யாரோ ஏற்றிய வம்ச மரத்தில் அதே பெயர் இருந்தது. அவருக்கு மேல் மூன்று தலைமுறை. ஒரே இரவில் முழுவதையும் என் மரத்தில் சேர்த்துவிட்டேன், அவ்வளவு சந்தோஷம். வம்ச மரம் கட்ட நான் பயன்படுத்துவது கிராம்ப்ஸ் என்ற இலவச மென்பொருள். தரவைச் சரிபார்க்கும் வசதி அதில் உண்டு, ஓட்டிப் பார்த்தேன். தந்தைக்கும் மகனுக்கும் ஒன்பது வயதுதான் வித்தியாசம் என்று காட்டியது. திரும்பிப் போய்ப் பார்த்தால் அந்த மரத்தில் ஒரு சான்றுகூட இல்லை. வேறு நான்கு மரங்களில் அதே தகவல் இருந்ததும் உண்மைதான், ஆனால் நான்கிலும் ஒரே எழுத்துப்பிழை. ஒன்றைப் பார்த்து மற்றவை. மூன்று தலைமுறையையும் அழித்தேன். மனசு வலித்தது, அவர்களோடு ஒரு வாரம் பழகியிருந்தேன்.

இணையம் பயனில்லை என்று சொல்லவில்லை. குடும்ப வரலாற்றுப் பதிவுகளைத் தேட உதவும் ஃபேமிலிசர்ச் தளத்துக்குக் கட்டணம் கிடையாது. அதன் பின்னால் இருக்கும் அமைப்பு 1894-ல் தொடங்கியது. 1938 முதல் பல நாட்டுப் பதிவேடுகளை நுண்படச்சுருளில் (மைக்ரோஃபிலிம்) எடுத்து, 24 லட்சத்துக்கும் மேலான சுருள்களை 2021-ல் எண்ம வடிவுக்கு மாற்றி முடித்தார்கள். அங்கே போனால் பிறர் கட்டிய மரத்தை விட்டுவிட்டு மூலப் பதிவின் படத்தைத் திறந்து பாருங்கள். என் 10-ம் எண் அப்படித்தான் கிடைத்தார், தளத்தின் பெயர் அட்டவணையில் தவறாகப் படித்திருந்த ஒரு பெயரின் அடியில்.

உயிரோடு இருப்பவர்களின் விவரம் எதையும் நான் பொதுவில் வைப்பதில்லை. என் மரத்தை கெட்காம் என்ற, வம்ச மரங்களுக்கான பொதுவான கோப்பு வடிவில் ஏற்றுமதி செய்து சித்தப்பா மகளுக்கு ஒரு பிரதி கொடுத்திருக்கிறேன். மென்பொருள் மாறினாலும் அந்த வடிவத்தைத் திறக்கலாம்.

மிச்சம் 9, 11, 13. அப்பாவின் அத்தை, அதாவது 9-ம் எண்ணின் கடைசி மகள், இன்னும் நன்றாகப் பேசுகிறார். ஞாயிற்றுக்கிழமை போகிறேன். குழுப்படத்தைப் பெரிதாக்கி எடுத்து வைத்தாயிற்று. படத்தைக் காட்டுவதற்கு முன்பே அவர் அம்மா பெயரைக் கேட்டுவிடுவேன்.