கிக்கும் ஸ்நேரும் அடுக்கிப் பார்த்தது: இதுவரை

நிமிடத்துக்கு 124 துடிப்பு வேகத்தில் ஒரு பாட்டு செய்துகொண்டிருக்கிறேன். ஒவ்வொரு துடிப்புக்கும் கிக் (டிரம்மின் ஆழமான அடி), இரண்டாவதிலும் நான்காவதிலும் ஸ்நேர் (டிரம்மின் கூர்மையான அடி). தாளக்கட்டில் புதுமை எதுவும் இல்லை. வேலை முழுவதும் ஒலியில்தான். பெரிய ஸ்பீக்கரில் நெஞ்சை அதிரவைக்கும் ஆழமும் கைபேசியில்கூடத் தெளிவாகக் கேட்கும் கூர்மையும் ஒரே சாம்பிளில் (பதிவுசெய்த ஒலித்துண்டில்) கிடைப்பது அரிது. இரண்டும் வேண்டும் என்பதால் லேயரிங்கில், அதாவது ஒலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவதில் இறங்கினேன்.

கிக்கில் அடியில் இருப்பது 808 வகை. ரோலண்ட் 1980இல் கொண்டுவந்த டிஆர்-808 டிரம் மெஷினின் அந்த ஒலி கிட்டத்தட்ட வெறும் சைன் அலைதான், வால் நீளம். அதன்மேல் 1983இல் வந்த 909இன் வகையில் ஒரு கிக் வைத்தேன். அடித்த கணத்தில் சுருதி மேலிருந்து சரசரவென்று இறங்குவதால் அதில் ஒரு குத்து இருக்கும். தனித்தனியாகக் கேட்டால் இரண்டுமே அருமை. சேர்த்து ஒலிக்கவிட்டால் அடி ஒலி மெலிந்துபோகிறது! 909ஐ நிறுத்தினால் ஆழம் திரும்பிவருகிறது.

காரணம் ஃபேஸ், அதாவது அலை தன் சுற்றில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது. 50 ஹெர்ட்ஸ் அலை ஒரு சுற்று முடிக்க 20 மில்லி விநாடி ஆகும். அதே அலையின் நகலை 10 மில்லி விநாடி தள்ளி வைத்தால், ஒன்று ஏறும் இடத்தில் மற்றது இறங்கும். இரண்டும் சம அளவில் இருந்தால் மிஞ்சுவது மௌனம். ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கினால் 6 டெசிபல் கூடும். அலைவடிவத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது விஷயம் கண்ணுக்கே தெரிந்தது. 808இன் முதல் மேடு மேல்நோக்கி இருந்தது. 909இல் அதே இடம் பள்ளம். போலாரிட்டியைத் திருப்பும் (அலையை மேல்கீழாகப் புரட்டும்) பொத்தானை அழுத்தியதும் பாதிக் குறை தீர்ந்தது.

மீதிப் பாதிக்குத்தான் பொறுமை தேவைப்பட்டது. 909இன் சுருதி இறங்கிக்கொண்டே வருவதால், தொடக்கத்தில் பொருந்தும் இரண்டு அலைகளும் அடுத்த சுற்றிலேயே விலகத் தொடங்குகின்றன. எவ்வளவு நகர்த்தினாலும் முழு நீளத்துக்கும் அவை ஒத்துப்போகப் போவதில்லை. ஆகவே 909க்கு 120 ஹெர்ட்ஸ் அளவில் ஹை-பாஸ் ஃபில்டர் போட்டு, அதன் அடிப்பகுதியைக் கழித்துவிட்டேன். ஆழம் 808க்கு, குத்து 909க்கு. ஆனால் ஃபில்டரும் தன் பங்குக்கு, வெட்டும் இடத்தை ஒட்டி ஃபேஸைத் திருப்பிவிடும். அதனால் முதலில் ஃபில்டர், பிறகுதான் நகர்த்தல் என்ற வரிசையை இப்போது விடாமல் பின்பற்றுகிறேன். லீனியர் ஃபேஸ் ஈக்யூவில் (ஃபேஸைத் தொடாத வகை ஃபில்டரில்) இந்தத் திருப்பம் கிடையாது. ஆனால் அடி விழுவதற்குச் சற்று முன்பே மெல்லிய அதிர்வு ஒன்று கசிகிறது. கிக்கின் முனை மழுங்குகிறது. எனக்கு அது ஒத்துவரவில்லை. ஆக்டேவுக்கு 12 டெசிபல் சரியும் சாதாரண ஃபில்டரே போதுமானதாக இருந்தது.

நகர்த்தும்போது கிரிட்டில் (திரையிலுள்ள தாளக் கோடுகளில்) ஒட்டிக்கொள்ளும் வசதியை அணைத்துவிட வேண்டும். 44,100 ஹெர்ட்ஸ் பதிவில் (விநாடிக்கு அத்தனை புள்ளிகள்) ஒரு மில்லி விநாடி என்பது ஏறக்குறைய 44 புள்ளிகள். சில புள்ளிகளாக நகர்த்தி, மோனோவில், குறைந்த ஒலியில் கேட்டேன். ஓரிடத்தில் இரண்டும் ஒரே கருவியாகிவிட்டன; அதற்கு முன்னும் பின்னும் ஒலி ஒல்லியாக இருந்தது. காதுக்கு இவ்வளவு துல்லியமாகத் தெரியும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

ஒரு எச்சரிக்கை: கிக்கை சின்தசைசரில் உருவாக்குபவர்கள், ஆசிலேட்டர் (அலையை உண்டாக்கும் பகுதி) ஒவ்வொரு அடிக்கும் ஒரே இடத்திலிருந்து தொடங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அடிக்கு அடி ஃபேஸ் மாறும். இத்தனை பாடும் வீண். ஆடியோவாக மாற்றிவிட்டுப் பிறகு அடுக்குவதே நல்லது.

அடுத்து சுருதி. பாட்டு எஃப் மைனரில். 808 வால் 49 ஹெர்ட்ஸில், அதாவது ஜியில் நின்றது. இரண்டு அரைச்சுரம் இறக்கி 43.65 ஹெர்ட்ஸுக்குக் கொண்டுவந்ததும் பேஸோடு (தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பகுதியோடு) இருந்த உரசல் போய்விட்டது. இறக்கியதில் வால் இன்னும் நீண்டது. இந்த வேகத்தில் ஒரு துடிப்பு சுமார் 484 மில்லி விநாடி; வாலை 300இல் மெல்ல அடக்கி, மிச்சத்தை பேஸுக்கு விட்டேன்.

ஸ்நேர் சீக்கிரம் முடிந்தது. 200 ஹெர்ட்ஸை ஒட்டி உடம்பு உள்ள ஒன்று, மேலே கிளாப் (கைதட்டல் ஒலி). கிளாப் என்பது அடுத்தடுத்து வரும் சில சிறு வெடிப்புகளும் அதன் பின் ஒரு வாலும். அதன் கடைசி வெடிப்பு ஸ்நேரின் அடியோடு சேரும்படி முழு கிளாப்பையும் சற்று முன்னால் இழுத்தேன். துடிப்புக்குச் சரியாக வைத்தபோது இல்லாத ஓர் உந்துதல் வந்தது. இந்தப் பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஹை-ஹாட்டை அடுக்கவில்லை. ஒன்றே போதும்.

எல்லாவற்றையும் ஒரே பஸ்ஸில் (பல ஒலிகள் சேரும் தடத்தில்) சேர்த்து, 2:1 கம்ப்ரஷன் (உரத்த ஒலியை அடக்குவது), அட்டாக் (அடக்கத் தொடங்க எடுக்கும் நேரம்) 30 மில்லி விநாடி. அடியின் முனை தப்பித்துப் போக அந்த நேரம் வேண்டும். கம்ப்ரசரைப் போட்டும் எடுத்தும் ஒப்பிடும்போது ஒலி அளவைச் சமப்படுத்திக்கொண்டேன். சத்தம் கூடியது எதுவாக இருந்தாலும் காது அதற்கே ஓட்டுப் போடும்.

இனி பேஸ்லைனுக்கு சைட்செயின் (கிக் விழும்போது பேஸைத் தானாகத் தணிக்கும் ஏற்பாடு) போட வேண்டும். கிக்கின் வால் சுருங்கிவிட்டதால் இலேசாகப் போட்டாலே போதும் என்று தோன்றுகிறது.