பிச்சய்யாவுக்குக் கணவர்

மும்பையில், சயான் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஓர் ஆர்க்கிடெக்ட் ஆபீஸில் 2003இல் வேலைக்குச் சேர்ந்தேன். கையில் இருந்தது பன்னிரண்டாம் வகுப்பு சர்டிபிகேட்டும் டைப்பிங் லோயரும்தான். கூடவே, தமிழும் மராத்தியும் எழுதப் படிக்கத் தெரியும். அந்தக் கடைசித் தகுதிக்காகத்தான் எடுத்தார்கள் என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. படம் வரைவது மற்றவர்கள் பாடு. குடிசைவாசிகள் கொண்டுவரும் காகிதங்களைப் பார்த்து, யார் யார் எந்த வருஷத்திலிருந்து அங்கே இருக்கிறார்கள் என்று பட்டியல் போடுவது என் வேலை.

அந்தப் பட்டியலுக்கு அனெக்ஸர் 2 என்று பெயர். மும்பைக் குடிசைப் பகுதியில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1995 டிசம்பரில் மகாராஷ்டிர அரசு எஸ்ஆர்ஏ என்கிற குடிசை மறுவாழ்வு ஆணையத்தை அமைத்தது. குடிசைவாசிகளில் நூற்றுக்கு எழுபது பேர் சம்மதித்தால் (இப்போது 51 போதும்) ஒரு பில்டர் அந்த இடத்திலேயே கட்டடம் கட்டி, குடிசைக்கு ஒரு வீடு என்று இலவசமாகக் கொடுக்கலாம். அனெக்ஸர் 1 கட்டட விவரம், 3 பில்டரின் பணபலம். நடுவில் இருக்கும் 2தான் மனிதர்கள். நாங்கள் பட்டியலைத் தயார் செய்து கொடுப்போம். நிலம் எந்த அலுவலகத்தின் கீழ் வருகிறதோ அவர்கள் சரிபார்த்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 'பாத்ர' அல்லது 'அபாத்ர' என்று எழுதுவார்கள். பாத்ர என்றால் வீடு. அபாத்ர என்றால், இடிக்க வரும்போது பாத்திரம் பண்டத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

எல்லாம் ஒரு தேதியில் தொங்கிக்கொண்டிருந்தது: 1995 ஜனவரி 1. அன்றைய வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும், இன்றும் அங்கேயே குடியிருக்க வேண்டும். ஏன் அந்தத் தேதி என்று கேட்காதீர்கள். அதற்கு முன்னால் 1976, 80, 85, 90 என்று நகர்ந்து நகர்ந்து வந்து நின்ற இடம் அது. பிறகு 2000 ஆயிற்று. அப்புறம் 2011 வரை வந்தவர்களுக்கும் உண்டு, ஆனால் காசு கட்ட வேண்டும் என்றார்கள். 2023இல் அதற்கு இரண்டரை லட்சம் என்று விலை வைத்தார்கள். தேதி நகர்ந்தால் தேர்தல் பக்கத்தில் என்று ஆபீஸில் சொல்லிச் சிரிப்போம்.

எங்கள் சாருடைய அலமாரியில் 1985ஆம் வருஷத்து உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றின் ஜெராக்ஸ் கிடந்தது. பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு புரட்டிக்கொண்டிருந்தவள் ஓரிடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வழக்குப் போட்டவர்களில் ஒருவர் சேலத்துக்காரர், நிலமில்லாத கூலி, 1961இல் பம்பாய்க்கு வந்தவர். நடைபாதையில் பிளாஸ்டிக்கும் தார்ப்பாயும் போட்ட ஒரு மறைப்புக்கு, குடிசை தாதாவிடம் 2,500 ரூபாய் அழுதவர். பிழைப்பும் உயிர் வாழும் உரிமையில் சேர்ந்ததுதான் என்று நீதிபதிகள் சொன்ன தீர்ப்பு அது. ஆனால் அப்புறப்படுத்தவே கூடாது என்று சொல்லவில்லை. 1976 கணக்கெடுப்பில் வந்தவர்களுக்கு மாற்று இடம் கொடு என்றார்கள். அங்கேயும் காகிதம்தான்.

காகிதத்தில் நம் ஆட்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. படிவத்தில் பெயருக்கு மூன்று கட்டம்: சொந்தப் பெயர், அப்பா அல்லது கணவர் பெயர், குடும்பப் பெயர். மராத்திக்காரர்களுக்கு அளவெடுத்துத் தைத்தது போல் பொருந்தும். நமக்கு ஒரு இனிஷியலும் ஒரு பெயரும்தான். மூன்றாவது கட்டம் என்னவென்று கேட்டால் சிலர் ஜாதியைச் சொல்வார்கள், சிலர் ஊரைச் சொல்வார்கள், சிலர் தாத்தா பெயரைச் சொல்லிவிட்டு மறந்தும் போவார்கள். இதனால் ஒரே மனிதர் ரேஷன் கார்டில் ஒருவர், லைட் பில்லில் ஒருவர், ஓட்டர் லிஸ்டில் ஒருவர். 'இம்மூவரும் ஒருவரே' என்று நோட்டரியிடம் அஃபிடவிட் வாங்கி ஒட்டுவோம்.

எழுத்தும் சேர்ந்து படுத்தும். மராத்தியில் ள உண்டு, ழ கிடையாது. வள்ளி தப்பித்துவிடுவாள், பழனி பலனி ஆகிவிடுவார். குறில் எகரமும் இல்லை என்பதால் செல்வி எப்போதும் சேல்விதான். கணக்கெடுக்க வருபவர் வாசலில் நின்று கேட்டு, காதில் விழுந்ததை எழுதிக்கொண்டு போவார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு சந்தில் அறுபது வீடு, வெயில் வேறு.

இதையெல்லாம் நேர்செய்யத்தான் என்னை வைத்திருந்தார்கள். நானும் நன்றாகத்தான் செய்துகொண்டிருந்தேன் என்ற நினைப்பு எனக்கு.

2004 கடைசியில் கோலிவாடா பக்கத்துச் சொசைட்டி ஒன்றின் பட்டியல் வந்தது. அதில் ஓர் இட்லி அக்கா. பேச்சியம்மாள் என்று வைத்துக்கொள்ளுங்கள், உண்மைப் பெயர் அதுவல்ல. விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்பு மூட்டுவார். ஆறு மணிக்குப் பையன்கள் வந்து இட்லிப் பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, ஹாரனை அமுக்கிக்கொண்டே தாதர், பரேல் என்று கிளம்பிவிடுவார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு கோலி, அதாவது ஓர் அறை. மூலையில் மோரி என்கிற தண்ணீர் புழங்கும் இடம், மேலே பரண் மாதிரி ஒரு பொட்மாலா. கணவர் 98இல் தவறிவிட்டார். ரேஷன் கார்டும் லைட் பில்லும் அவர் பெயரில்.

95 ஓட்டர் லிஸ்டில் அந்தக் கோலி எண்ணில் தேடினேன். கணவர் பெயர் இல்லை. அவர் எப்போதோ விடுபட்டிருக்கிறார். 'பிச்சய்யா' என்று ஒரு பெயர் இருந்தது, எதிரே 'பு', அதாவது ஆண். பிச்சய்யா ஆண் பெயர் என்று எனக்குத் தெரியாதா? முன்பு அங்கே குடியிருந்தவர், இவர்களுக்குக் கோலியை விற்றுவிட்டுப் போயிருக்கிறார் என்று முடிவு கட்டி, குறிப்புக் கட்டத்தில் 'முந்தைய குடியிருப்பாளர்' என்று அழகான கையெழுத்தில் எழுதினேன். பட்டியல் திரும்பி வந்தபோது அக்கா அபாத்ர.

தமிழ் தெரியாத ஒருவர் என் நாற்காலியில் இருந்திருந்தால் பேச்சி, பிச்சி எல்லாம் ஏதோ ஒரு மதராஸிப் பெயர் என்று டிக் போட்டுவிட்டுப் போயிருப்பார். அக்காவுக்கு வீடு கிடைத்திருக்கும். எந்தத் தகுதிக்காக என்னை எடுத்தார்களோ, அந்தத் தகுதியால் வந்த வினை.

அக்கா சண்டைக்கு வரவில்லை. 'என்னம்மா, நான் இங்கதானே இருக்கேன்' என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மேல்முறையீடு போட்டோம். அது நடந்துகொண்டிருக்கும்போதே 2005 ஜூலை 26 வந்தது. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை என்று பிறகு பேப்பரில் படித்தோம். எங்கள் தாராவி வீட்டில் இடுப்பளவுத் தண்ணீர். அடுத்த வாரம் முழுக்க ஆபீஸ் வாசலில் வரிசை. ரேஷன் கார்டு ஊறி அப்பளம் போல் காய்ந்திருக்கும். மை கரைந்து நீலமாக ஒரு திட்டு மட்டும் இருக்கும். 'இதில் 93 என்று இருந்தது, நீங்களே பார்த்தீர்களே' என்பார்கள். பார்த்தேன்தான். நான் பார்த்தது சாட்சி ஆகாதே. அக்காவின் காகிதங்கள் பொட்மாலாவில், அரிசி டின்னுக்குள் இருந்ததால் பிழைத்தன.

ஒரு நாள் ராத்திரி அந்த ஓட்டர் லிஸ்ட் ஜெராக்ஸை மறுபடி எடுத்து, ஒவ்வொரு கட்டமாக விரலை வைத்துப் படித்தேன். பெயர், பிச்சய்யா. பால், ஆண். வயது, அக்காவுக்கு அப்போது என்ன வயதோ அது. உறவு என்ற கட்டத்தில் 'பதி' என்று இருந்தது. கணவர்! பிச்சய்யாவுக்கு ஏது கணவர்? பக்கத்தில் இட்லி அக்காவின் வீட்டுக்காரர் பெயர், அரையும் குறையுமாக, ஆனால் அவர்தான். ஆறு மாதமாக என் மேஜையில் கிடந்த காகிதம் அது. பெயரைப் பார்த்ததும் புரிந்துவிட்டது என்று அதற்கு மேல் நான் படிக்கவே இல்லை.

பதினான்கு மாதம் கழித்துப் பாத்ர ஆனார்.

இந்த இலவச வீட்டுக்குப் பணம் யார் கொடுக்கிறார்கள் என்று ஊரில் கேட்பார்கள். அரசாங்கம் கஜானாவிலிருந்து எடுத்துக் கொடுப்பதில்லை. ஆகாயத்தைக் கொடுக்கிறது. ஒரு மனையில் எவ்வளவு பரப்புக் கட்டலாம் என்பதற்கு எஃப்எஸ்ஐ என்று ஓர் அளவு. பழைய மும்பைத் தீவுப் பகுதியில் அது 1.33. ஆயிரம் சதுர அடி மனையில் 1,330 சதுர அடிதான். எஸ்ஆர்ஏ திட்டமென்றால் 2.5 வரை அங்கேயே எழுப்பலாம், மிச்சத்தை டிடிஆர், அதாவது மாற்றிக் கொடுக்கக்கூடிய கட்டும் உரிமை ஆக்கி வேறிடத்துக்கு விற்கலாம் என்றது அன்றைய விதி. அந்த விதிப்படி, தீவுப் பகுதியில் குடிசைவாசிகளுக்குக் கட்டும் ஒவ்வொரு அடிக்கும் முக்கால் அடி பில்டர் விற்றுக்கொள்ளலாம். புறநகரில் ஒன்றுக்கு ஒன்று. தாராவி மாதிரிச் சிக்கலான இடத்தில் ஒன்றுக்கு 1.33. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் விற்கிற ஃபிளாட்டுக்கு நல்ல விலை போகும் இடத்துக்குத்தான் பில்டர் வருவார். ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் குடிசைக்கு நான்கு பேர் போட்டி. சாக்கடை நாலாவுக்குப் பின்னால் இருக்கும் குடிசையைச் சீந்த ஆளில்லை. யாருக்கு வீடு அவசரமோ அந்தக் கணக்கு இந்த எஃப்எஸ்ஐ பெருக்கலில் எங்குமே வராது. அதே போல, பொட்மாலாவில் குடியிருப்பவர்களும் வர மாட்டார்கள். கீழே ஒன்று மேலே ஒன்று என்று இரண்டு குடும்பம் இருபது வருஷம் இருந்தாலும் அது ஒரே குடிசை, ஒரே வீடு.

2015இல் பிரதமர் வீட்டுத் திட்டம் வந்தபோது, கடன் வட்டியில் மானியம் என்று கேள்விப்பட்டு எங்கள் ஆட்கள் பலர் பத்லாப்பூர், நாலாசோப்பாரா பக்கம் வீடு பார்த்தார்கள். அதிகபட்சம் 2.67 லட்சம் வரை மிச்சமாகும், பெண் பெயரும் பத்திரத்தில் இருக்க வேண்டும், நல்ல விஷயம். ஆனால் இந்தியாவில் எங்கேயும் பக்கா வீடு இருக்கக்கூடாது என்று ஒரு நிபந்தனை. மும்பையில் முப்பது வருஷம் தகரத்துக்கு அடியில் கிடந்து, மிச்சம் பிடித்த காசில் நாங்குநேரியிலோ சங்கரன்கோவிலிலோ ஒரு கான்கிரீட் வீடு கட்டிப் பூட்டி வைத்திருக்கும் மனிதரிடம் இதை எப்படிச் சொல்வது? வருஷத்தில் பத்து நாள், கோயில் கொடைக்குப் போனால் திறக்கிற வீடு. அதுவே அவரைத் தகுதி இல்லாதவராக்கிவிட்டது.

அக்காவுக்கு ஐந்தாம் மாடியில் கிடைத்தது. குளியலறை, கக்கூஸ் உட்பட 225 சதுர அடி. (2008இல் 269 ஆக்கினார்கள், பிறகு 300. அக்காவுடையது பழைய கணக்கு.) லிஃப்ட் பாதி நாள் ஓடாது. பெரிய இட்லிக் கொப்பரையை அங்கே ஏற்ற முடியவில்லை. ஏற்றிய ஒரு வாரமும் ஆவி பட்டுச் சுவர் பூத்து, கீழ் வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார். இப்போது மாவு, அடுப்பு எல்லாம் தாராவியில் ஒரு வாடகைக் கோலியில். தூங்க மட்டும் சொந்த வீடு.

போன வருஷம் பார்க்கப் போயிருந்தேன். டிவிக்கு மேலே சாமி படம், அதற்குப் பின்னால் சொருகியிருந்த ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துக் காட்டினார். பழைய கோலியின் லைட் பில்கள், 95 ஓட்டர் லிஸ்ட் ஜெராக்ஸ், நான் எழுதிக் கொடுத்த மேல்முறையீடு. அந்த மீட்டரும் இல்லை, அந்தக் கோலியும் இல்லை.

'இன்னும் எதுக்குக்கா இதெல்லாம்?'

'மறுபடி எவனாவது கேப்பான்லா.'

கவர் ஓரத்தில் கிழிந்து பில்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. என் பையில் ஆபீஸ் கவர் ஒன்று இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து, வருஷ வரிசையில் அடுக்கி, அதில் போட்டுக் கொடுத்தேன்.